வலப்பக்கம் குழிந்த மவுஸ்

என் தங்கையின் கணவரை எங்கள் கம்பெனியில் எல்லோரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எதிரில் மரியாதையாக, முதுகுக்குப் பின்னால் வேறு தொனியில். நான் இரண்டு விதமாகவும் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் கம்பெனி கேம் விளையாடுகிறவர்களுக்கு மவுஸ் செய்கிறது. ஆபீஸ் மேஜையில் தூசி படிந்து கிடக்கிற மவுஸ் இல்லை. திரையில் ஓடுகிறவனைக் கண் இமைப்பதற்குள் சுட்டுத் தள்ள வேண்டியவர்கள் பிடிக்கிற மவுஸ். புதிதாக ஒன்று செய்தால் அது கடைக்குப் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது கைராசியின் வேலை. பிடித்துப் பார்ப்பார், ஆடிப் பார்ப்பார், 'போகும்' என்பார், இல்லையென்றால் 'போகாது' என்பார். அதற்குத்தான் ஏசி அறை, தலை சாய்க்கிற நாற்காலி, வேளாவேளைக்கு மேஜை தேடி வரும் காபி.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். என்னிடம் ஏசியும் கிடையாது, சாய்கிற நாற்காலியும் கிடையாது, யந்திரங்கள்தான் உண்டு. ஒன்று இரும்பு விரலால் மவுஸின் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கும், பட்டன் உயிரை விடும் வரை. இன்னொன்று சுழலும் தட்டின்மேல் மவுஸை வைத்து, அடியில் இருக்கும் சென்சார் தடம் தவறுகிறதா என்று பார்க்கும். எடை, ஒயரின் இழுப்பு, வீல் உருளும்போது வரும் சத்தம் எல்லாவற்றையும் அளந்து மேலே அனுப்புவேன். மேலே யாரும் படிப்பதில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு மவுஸ் என் யந்திரங்கள் எல்லாவற்றிலும் சொல்லி வைத்தாற்போல் தேறியது. கடைக்குப் போனது, போன வேகத்தில் லாரியில் திரும்பி வந்தது. அரை மணி பிடித்தால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது என்றார்கள். யந்திரத்துக்கு மணிக்கட்டு ஏது? முதலாளி அன்றோடு யந்திரத்தை நம்புவதை விட்டார். அப்புறம் ஏதோ போட்டியில் கோப்பை வாங்கிய ஓர் ஆட்டக்காரரைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அவர்தான் கைராசி. அவர் 'போகும்' என்று சொன்ன முதல் மவுஸே கடையில் நிற்காமல் ஓடியது. அன்றைக்கு முதலாளிக்கு அந்தக் கைமேல் பிடித்த பித்து அப்புறம் இறங்கவே இல்லை. அவருடைய வலது கையை, ஐந்து விரலும் விரித்தபடி, படம் எடுத்து எல்லாப் பெட்டியிலும் அச்சடித்தார்கள். பெரிதாக ஒன்றைச் சட்டம் போட்டு மீட்டிங் ஹாலில் மாட்டினார்கள். மற்ற கம்பெனிகளில் பெரிய கை, சின்னக் கை, உள்ளங்கையைப் பதித்துப் பிடிக்கிறவர், விரல் நுனியால் பிடிக்கிறவர் என்று விதவிதமாக ஆள் வைத்துப் பார்ப்பார்களாம். "பத்துக் கையைக் கேட்டா பத்துப் பேச்சு வரும். எனக்கு இந்த ஒரு கை போதும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். உலகத்துக்கே மவுஸ் விற்கிற கம்பெனி, ஒரே ஒரு ஆளின் உள்ளங்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தது. இப்படியொரு முட்டாள்தனத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்தக் கையைப் பார்த்துத்தான் என் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன்.

பெருமை ஏறிய ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். வடிவமைப்பாளர்கள் மாதக் கணக்கில் உழைத்து ஒரு மவுஸைக் கொண்டுவந்து எதிரில் நிற்பார்கள். அவர் காபியைக் குடித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும். பிறகு மவுஸைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுப்பார், தூக்கித் தூக்கி வைப்பார், ஓரத்துப் பட்டனைக் கட்டைவிரலால் நோண்டுவார். பிடிக்கவில்லையென்றால், அநேகமாகப் பிடிக்காது, எப்போதும் ஒரே கேள்விதான்.

"இத எந்தக் கைக்குப் பண்ணீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தால் போச்சு. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை வரும். சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது என்பார், செத்த எலிகூட இதைவிட நன்றாக நகரும் என்பார். இரண்டு பேர் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கதையை அவரே வீட்டில் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார்.

அவரிடம் அதிகம் பட்டவள் களிமண் வேலை செய்கிற பெண். மவுஸின் வடிவத்தை முதலில் களிமண்ணில் செதுக்கி எடுப்பது அவள் பொறுப்பு. கைராசிதான் அவளுக்குக் களிமண் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவர்களை அறையைச் சுற்றிக் காட்டக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவள் ஒரு மாதிரியைக் கொண்டுவந்து வைத்தாள். கைராசிக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை.

"இத எந்தக் கைக்கும்மா பண்ணின? மாட்டுக் குளம்புக்கா?"

"சார், விரல் நுனியால பிடிக்கிறவங்களுக்கும் வசதியா இருக்கட்டும்னு..."

"உனக்குப் பேர் சும்மாவா வச்சேன்? தலைக்குள்ளயும் அதான் இருக்கு."

புதியவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் தங்களுக்கும் இதே கதிதான் என்று முதல் நாளே புரிந்திருக்கும். அவர் அந்த மாதிரியைத் தரையில் வைத்து, ஷூ காலால் நிதானமாக மிதித்தார்.

"இப்ப சரியா இருக்கு. போய் மறுபடி பண்ணு."

அவள் குனிந்து பொறுக்கினாள். நான் தடுப்பைச் சுற்றிவந்து குப்பை முறத்தை நீட்டினேன். "வேணாம்ண்ணா, கையாலயே எடுத்துக்கறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை, சரிங்க சார்.

அந்தக் கைக்குத்தான் கேடு வந்தது.

முதலில் சொன்னவள் என் தங்கைதான். முகம் கழுவும்போது சுண்டுவிரல் கண்ணில் குத்திவிடுகிறது என்று சொல்கிறார், சட்டைப் பட்டனை நான்தான் போட்டு விடுகிறேன், டம்ளர் நழுவுகிறது என்றாள். உள்ளங்கையில் தோலுக்கு அடியில் கயிறு போல ஒன்று தடித்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வலி கிடையாது, விரல் மடங்கும், திரும்பி விரியாது. டாக்டர் பார்த்துவிட்டு, மேஜைமேல் கையைத் தட்டையாக வைக்கச் சொன்னார். முடியவில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் சில மாதம் அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார். அதற்கு இவர் எழுந்து வந்துவிட்டார்.

நான் வீட்டுக்கே போய்ப் பேசினேன்.

"பண்ணிக்கோங்க மாப்ளே. விட்டா இன்னும் மடங்கும்னு டாக்டர் சொல்றார்ல."

"நான் எந்திரிச்சா அந்த நாற்காலில வேற ஒருத்தன் உக்காருவான். உக்காந்தவன் எந்திரிப்பானா மச்சான்?"

"முதலாளிகிட்ட உள்ளதச் சொல்லுங்க. உங்கமேல உசுரையே வச்சிருக்கார்."

"என்மேல இல்ல. இதுமேல." வலது கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் உள்ளே மடங்கி, ஏதோ காசைப் பொத்தி வைத்திருக்கிற மாதிரி இருந்தது. "நீ உன் யந்திரத்தைப் பாத்துக்க. என் வேலையில மூக்க நுழைக்காத."

அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. முதலாளிக்கு வேண்டியது கை. கை போனால் மனிதர் எதற்கு? அந்த நாற்காலியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு பெயர்கூடக் கிடையாது. வாசல்வரை வந்த என் தங்கை, "அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாத" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டேன். அவருக்காக இல்லை.

மறுவாரம் கைராசி வலது கையில் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார், ஆட்டக்காரர்கள் போடுகிற மாதிரி இறுக்கமான உறை. எந்நேரமும் மவுஸைப் பிடித்தபடியே இருந்ததால் விரல் மடங்கியிருப்பது யார் கண்ணிலும் படவில்லை. வேர்வை பட்டால் மவுஸின் மேல்பூச்சைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார். முதலாளி அதையும் பெரிய ஞானமாக நினைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த மவுஸுக்கு வேலை ஆரம்பித்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வடிவத்துக்கு முன்னால் கைராசி ஒரு ஈரக் களிமண் உருண்டையை மவுஸைப் பிடிப்பதுபோல் ஒருமுறை அழுத்திப் பிடித்துக் கொடுப்பார். அந்தப் பதிவை வைத்துத்தான் செதுக்குவார்கள். உறையோடுதான் பிடித்துக் கொடுத்தார். அந்தக் களிமண் பெண் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் மாதிரி வந்தது. பிடித்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"வலது பக்கம் ஏன் இப்படித் தொந்தி வச்சிருக்கு? செதுக்கு."

"சரிங்க சார்."

செதுக்கிக் கொண்டுவந்தாள். இன்னும் இடிக்கிறது என்றார். மறுபடி செதுக்கினாள். மடங்கிய விரல்கள் இரண்டும் மவுஸின் வலது விலாவில் போய் முட்டின, அதுதான் விஷயம். அவருக்கு அது கையின் குறையாகத் தோன்றவே இல்லை. நடிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, மனதார நம்பினார். இத்தனை வருஷமாக எல்லா மவுஸும் தப்பு, தன் கை சரி என்று சொல்லிச் சொல்லிப் பழகிய ஆள். விரல் வளைய வளைய, உலகத்து மவுஸெல்லாம் தொந்தி போடுகிறது என்றே அவருக்குப் பட்டது. மாதிரிகள் வந்தன, போயின. ஒவ்வொரு முறையும் வலது விலா இன்னும் உள்ளே போனது, பின்பக்கம் இன்னும் சரிந்தது. கடைசியில் வந்ததைப் பார்த்தால் யாரோ கடித்துத் துப்பியது போல் ஒரு பக்கம் குழிந்திருந்தது.

அதைப் பிடித்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெகுநாளைக்கப்புறம் ஆசையோடு ஆடினார். தூக்கி வைத்தார், இழுத்தார், திருப்பினார். திரையில் ஒருவன்கூடத் தப்பவில்லை. மடங்கிய இரண்டு விரலும் அந்தக் குழிக்குள் போய், வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துகொண்டன.

"போகும்" என்றார். "என் வாழ்க்கையில இப்படி ஒண்ணைப் பிடிச்சதில்ல."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

என் யந்திரங்களிலும் அது முதல் வகுப்பில் தேறியது. பட்டன் அருமை, சென்சார் ஒரு மயிரிழை பிசகவில்லை, எடை கச்சிதம். பிடிப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது என்று நான் ஒரு வரி எழுதி அனுப்பினேன். முதலாளி கூப்பிட்டு, "பிடிக்கிறதப் பத்தி உன் இரும்பு விரல் சொல்லுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, போய்த் தொலையுங்கள் என்று விட்டுவிட்டேன்.

தொலைந்தார்கள். கடைக்குப் போன மவுஸெல்லாம் திரும்பி வந்தது. குடவுன் நிறைந்து, என் அறை வாசலிலும் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டிக்குப் பெட்டி அந்தக் கை, ஐந்து விரலும் விரித்துக்கொண்டு. மவுஸை விமரிசனம் செய்கிறவர்கள் வீடியோவில் அதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்கள், காலால் பிடித்துக் காட்டினார்கள், இதற்கென்று விரலை வெட்டிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள்.

முதலாளி எல்லோரையும் மீட்டிங் ஹாலுக்கு வரச் சொன்னார். ஒரு மவுஸை மேஜை நடுவில் போட்டார்.

"எல்லாரும் ஒரே புகார்தான் சொல்றாங்க. தூக்கினா நழுவுது. கடைசி ரெண்டு விரல் வைக்க இடமே இல்ல." ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இத எந்தக் கைக்குப் பண்ணீங்க?"

அவர் வேண்டுமென்று அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனாலும் அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் கைராசி பக்கம் போய்த் திரும்பியது.

கைராசி அசரவில்லை. "நான் சொன்னது ஒண்ணு, இந்தம்மா செதுக்கினது ஒண்ணு" என்றார். "லேசா எடுக்கச் சொன்னேன். தோண்டி வச்சிருக்கா. களிமண்ணுகிட்ட வேற என்னத்த எதிர்பார்க்கிறது?"

அங்கேதான் அவர் கெட்டார். சும்மா இருந்திருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாளோ என்னவோ.

அவள் எழுந்து மவுஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சார் கைக்குத்தான் பண்ணேன். பொருந்துதா இல்லையான்னு நீங்களே பிடிச்சுக் காட்டுங்க சார்."

பிடிக்காமல் இருக்க முடியாது, முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தார். பொருந்தியது. வார்த்து எடுத்த மாதிரி பொருந்தியது. முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கிட்டே வந்தார்.

"உறையைக் கழட்டு."

"தோல்ல அரிப்பு முதலாளி. டாக்டர் கழட்டக் கூடாதுன்னு..."

"நான் கழட்டி விடட்டுமா சார்?" என்றாள் அவள். குரலில் துளிக் கோபம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மூன்று விரல் எளிதாக வந்தது. மற்ற இரண்டும் மடங்கியிருந்ததால் உறை சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு விரலாகப் பிடித்து உருவினாள். அவர் கையை விட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மேஜை மேல விரிச்சு வை" என்றார் முதலாளி.

வைத்தார். விரிந்தது மூன்றுதான்.

"விரிச்சு வைய்யா."

இடது கையால் அழுத்திப் பார்த்தார். சுவரில் அவர் தலைக்கு நேர்மேலே அந்தப் படம், ஐந்து விரலோடு. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். களிமண் மிதிபட்ட அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் ஒருவன்தான். ஒருவன் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. எனக்கு, பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது. அப்புறம் தங்கை முகம் ஞாபகம் வந்தது, குளிர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், நீயாவது சொல்லேன்" என்றார் அவர், என்னைப் பார்த்து. தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தக் கையவா பெட்டில போட்டு வித்துக்கிட்டிருந்தேன்" என்று முதலாளி கேட்டார். அவரிடம் கேட்கவில்லை, படத்திடம் கேட்டார். அன்றோடு கைராசியின் வேலை போனது. மறுநாள் படத்தைக் கழற்றி, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று என் தலையில் கட்டினார்கள்.

புறப்படும்போது களிமண் ஒரு மவுஸ் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாருக்குக் குடுத்திருங்கண்ணா. உலகத்துல அவர் ஒருத்தருக்குத்தான் இது சரியா இருக்கும்."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"முதல்ல உருண்டையைப் பிடிச்சுக் கொடுத்தாரே, அப்பவே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவர் என்கிட்ட எப்பண்ணா கருத்துக் கேட்டாரு?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

படத்தை என் தங்கை அலமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். மவுஸை அவர் விடவில்லை. எழுந்ததிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டம்தான். முகம் தெரியாத யார் யாரோ பிள்ளைகளைத் தோற்கடித்துவிட்டு, "பாத்தியா, மவுஸ்ல ஒரு குறையும் இல்ல. பிடிக்கத் தெரியாத பசங்க" என்பார். அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவாள். சட்டைப் பட்டனையும் அவள்தான் போட்டுவிட்டாள்.

அதற்குள் வேறு ஒரு மவுஸ் கம்பெனியில் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டோம். பழைய கோப்பைக்கு அங்கே இன்னும் மதிப்பு இருந்தது. ஆனால் முதல் நாளே கையைப் பார்ப்பார்கள். இனி இழக்க நாற்காலி இல்லை என்பதால் மனிதர் ஒருவழியாக ஆபரேஷனுக்குத் தலையாட்டினார். கட்டு, அப்புறம் விரலை நிமிர்த்தி வைக்கிற பட்டை, அப்புறம் தினமும் விரலை இழுத்து விடும் பயிற்சி. அதை என் தங்கைதான் செய்தாள், அவரிடம் வசவு வாங்கிக்கொண்டே. விரல் விரிந்தது. டாக்டர் மேஜைமேல் கையை வைக்கச் சொன்னபோது ஐந்தும் படிந்ததாம். அவள் அங்கேயே அழுதுவிட்டதாகச் சொன்னாள்.

அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நான் போயிருந்தேன். கை பழகட்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முகத்தில் பழைய களை வந்திருந்தது. வலப்பக்கம் குழிந்த அந்த மவுஸை எடுத்துப் பிடித்தார், இழுத்தார், தூக்கினார். நழுவி விழுந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி விழுந்தது. விரிந்த விரல்கள் இரண்டும் அந்தக் குழியில் பிடி கிடைக்காமல் தடவின. திரையில் யாரோ ஒரு பொடியன் அவரைச் சுட்டுவிட்டுப் போனான்.

மவுஸைத் திருப்பிப் பார்த்தார். பழைய குரல் வந்தது, அறையில் காபி குடித்துவிட்டுக் கேட்பாரே, அதே குரல்.

"இத எந்தக் கைக்குப் பண்ணாங்க? எந்த மடையன் இதப் போகும்னு சொன்னான்?"

என் தங்கை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை ஒன்றை உதறி, மடியில் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீங்கதான்."

அவர் மவுஸைக் கீழே வைத்தார். கை மேஜைமேல் கிடந்தது, ஐந்து விரலும் விரிந்து, அந்தப் படத்தில் இருந்த மாதிரியே.